மின்சார பிக்கப் டிரக்கைப் பின்னாலிருந்து பாருங்கள்: வரவிருக்கும் வண்டிகளை எடைபோடும் முறை

நான்கடி அகலமும் எட்டடி நீளமும் உள்ள ஒரு பிளைவுட் பலகையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கட்டுமானப் பொருள் கடைகளில் பிளைவுட்டும் ஜிப்சம் போர்டும் பெரும்பாலும் இந்த அளவில்தான் கிடைக்கின்றன. அந்நாட்டுப் பிக்கப் டிரக்குகளின் பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த தொட்டியும் பல பத்தாண்டுகளாக இந்தப் பலகையை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் புதிய மின்சார டிரக் ஒன்றின் படம் வெளியானவுடன் கார் ஆர்வலர்களின் பேச்சு முகத்திலேயே நின்றுவிடுகிறது. விளக்குப் பட்டை அழகாக இருக்கிறதா, மூக்கு துருத்திக்கொண்டு நிற்கிறதா, பழைய மாடலின் சாயல் தெரிகிறதா என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். அந்த வாதத்தில் எனக்கும் விருப்பம் உண்டு. இருந்தாலும், ஒரு பிக்கப்பைப் பற்றி நிலைத்து நிற்கும் கருத்தைச் சொல்ல வேண்டுமென்றால் பார்வையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொண்டுவர வேண்டும் என்பது பல ஆண்டுகள் இந்த வண்டிகளைக் கவனித்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம். அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பிக்கப் என்றால் சந்தைக்குக் காய்கறியும் கடைக்குச் சரக்கும் ஏற்றிச் செல்லும் வண்டி நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அதே வண்டிதான் குடும்பத்தைப் பள்ளிக்கும் கடைக்கும் அழைத்துச் செல்கிறது, வார இறுதியில் படகை இழுக்கிறது, திங்கட்கிழமை வேலைக்கும் போகிறது. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அங்கு அதிகம் விற்கும் டிரக்காக இருந்து வருகிறது. ஆகவே அதன் வடிவத்தில் ஓர் அங்குலம் மாறினாலும் ஆர்வலர்கள் கொந்தளிப்பதில் வியப்பில்லை.

தொட்டியை அளப்பது

அறிவிக்கப்பட்ட வண்டியின் அளவுப் பட்டியலில் மூன்று எண்களைத் தேடி எடுங்கள்: தொட்டியின் நீளம், பின்கதவை இறக்கியபோது கிடைக்கும் நீளம், சக்கரங்களுக்காக உள்ளே புடைத்திருக்கும் இரு மேடுகளுக்கு இடைப்பட்ட அகலம். மூன்றாவது எண் 48 அங்குலத்துக்குக் குறைந்தால் பலகை தட்டையாகப் படுக்காது. அந்த மேடுகளின் மேல் ஏறி உட்காரும். விளம்பரப் படங்களில் இந்தக் குறை ஒருபோதும் தெரியாது.

எண்களைத் தாளில் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். ரிவியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மின்சார பிக்கப்பான ஆர்1டி வண்டியின் தொட்டி நான்கரை அடி என்று படித்தபோது எனக்கு அது பெரிதாகவும் படவில்லை, சிறிதாகவும் படவில்லை. பிறகு ஒரு சாக்கட்டியை எடுத்து வீட்டு கராஜின் தரையில் 54 அங்குல நீளத்தில் ஒரு கட்டம் வரைந்து, அதன்மேல் ஒரு முழுப் பலகையைக் கிடத்தினேன். பலகையில் ஏறக்குறைய பாதி கட்டத்துக்கு வெளியே கிடந்தது. பின்கதவின் நீளத்தையும் சேர்த்து மறுபடியும் வரைந்தபோதும் ஓரடி வெளியே நீண்டுகொண்டிருந்தது. அந்த ஓரடி நீட்சியைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டலாம். பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனாலும் தரையில் பார்த்த பிறகு அந்த வண்டியைப் பற்றிய என் கருத்து தெளிவடைந்தது: அது மலைப்பாதைக்கும் முகாமுக்கும் எண்ணி வரையப்பட்ட வண்டி, தச்சருக்காக வரையப்பட்டதன்று. பின்னிருக்கைக்கும் தொட்டிக்கும் நடுவே வண்டியின் குறுக்கே ஓடும் நீண்ட சுரங்கப் பெட்டியை அவர்கள் வைத்ததும் அந்த எண்ணத்தோடு பொருந்துகிறது. ஃபோர்டின் மின்சார எஃப்-150 லைட்னிங் ஐந்தரை அடி, டெஸ்லாவின் சைபர்டிரக் ஆறடி, ஸ்லேட் என்ற புதிய நிறுவனத்தின் சிறு டிரக் ஐந்தடி. இவை ஒவ்வொன்றையும் தரையில் வரைந்து பார்க்க அரைமணி நேரம் போதும்.

அடுத்தது பக்கவாட்டிலிருந்து கை எட்டுவது. வழக்கமான டிரக்கில், ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் ஒரு கருவிப் பெட்டியை வண்டியின் பக்கத்தில் நின்றபடியே எடுத்துவிடலாம். சைபர்டிரக்கில் கூரையின் உச்சியிலிருந்து பின்பக்கம் வரை சரிந்து இறங்கும் பக்கச்சுவர், சரியாக அந்த இடத்தில்தான் மிக உயரமாக இருக்கிறது. எனவே பெட்டியை எடுக்கத் தொட்டிக்குள் ஏறியாக வேண்டும். இந்தச் சாய்வு புதிதன்று: 2001-இல் வந்த செவ்ரோலெ அவலாஞ்சிலும், முதல் தலைமுறை ஹோண்டா ரிட்ஜ்லைனிலும் அது இருந்தது. ரிட்ஜ்லைனின் 2017 மாடலில் அது கைவிடப்பட்டு, தொட்டியின் ஓரம் வழக்கமான நேர்க்கோட்டுக்குத் திரும்பியது. சாய்வு வடிவத்துக்கு ஒரு பொறியியல் காரணம் உண்டு. அறையும் தொட்டியும் ஒரே உடலாகக் கட்டப்படும்போது அந்த முக்கோணச் சுவர் உடலின் முறுக்கத்தைத் தாங்க உதவுகிறது. ஆகவே படத்தில் அந்தச் சாய்வைக் கண்டால் ‘அழகாக இல்லை’ என்று ஒதுக்குவதைவிட, ‘விறைப்புக்காகக் கை எட்டும் வசதியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பேரம் எனக்கு ஒத்துவருமா?’ என்று கேட்பது பயனுள்ளது.

அறைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு செங்குத்தான இடைவெளி தெரிகிறதா என்பதையும் பாருங்கள். அந்த இடைவெளி இருந்தால் இரண்டும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. தொட்டி நசுங்கினால் தொட்டியை மட்டும் கழற்றி மாற்ற முடியும். ரிவியனில் பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு கூரை வரை ஒரே துண்டாக ஓடுவதால், பின்மூலையில் விழும் ஓர் அடிக்கான வேலை வண்டியின் முன்பகுதி வரை நீளக்கூடும். பார்வைக்கு மிக நேர்த்தியான ஒரு கோடு, பழுதுபார்க்கும் பட்டறையில் மிகச் செலவான கோடாக மாறிவிடும்.

தொட்டியின் நீளப் பிரச்சினைக்கு மிகச் சிறந்த விடை நடுக்கதவுதான் என்பது என் கருத்து. பின்னிருக்கையை மடித்து, அதன் பின்சுவரையும் இறக்கினால் தொட்டி அறைக்குள் நீள்கிறது. அவலாஞ்சில் தொடங்கிய இந்த எண்ணத்தைச் செவ்ரோலெ தன் சில்வராடோ மின்சார டிரக்கில் மீண்டும் கொண்டுவந்து, ஏறக்குறைய ஆறடித் தொட்டியைப் பின்கதவோடு சேர்த்துப் பதினோரு அடியை நெருங்கும் அளவுக்கு நீட்டியது. எல்லா வகையிலும் அது கிடைப்பதில்லை. வேலைக்கான மலிவு வகையில் நடுக்கதவு இல்லை என்பது எனக்கு வருத்தமே, ஏனெனில் அங்குதான் அதற்கு மிகுந்த தேவை. டெலோ என்ற சிறு நிறுவனம் இதே உத்தியை வைத்து, மினி கூப்பர் அளவான 152 அங்குல நீளத்துக்குள் ஐந்தடித் தொட்டியையும் ஐந்து இருக்கைகளையும் அடக்கும் ஒரு டிரக்கை முன்வைத்திருக்கிறது.

மூக்கு எதற்கு அவ்வளவு உயரம்?

இப்போது முன்பக்கத்துக்கு வரலாம். பானட்டின் கீழே எஞ்சின் இல்லாதபோது, அந்த உயரமான மூக்கு ஏன்? லைட்னிங்கைப் பொறுத்தவரை விடை எளிது: பெட்ரோல் எஃப்-150-இன் உடலையே பெருமளவு பயன்படுத்தினார்கள், எஞ்சின் இருந்த இடம் 400 லிட்டர் கொள்ளும் முன் டிக்கியாக மாறியது. அதில் 180 கிலோ வரை வைத்துப் பூட்டலாம். பூட்டக்கூடிய இடமே இல்லாமல் இத்தனை காலம் திண்டாடிய பிக்கப்காரர்களுக்கு அது பெரிய வரம்.

ஆனால் உயரத்துக்கு ஒரு விலை உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 40 அங்குலத்துக்கு மேல் பானட் உயர்ந்த வண்டிகள் மோதும்போது பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்கு உட்பட்ட சரிந்த முகமுள்ள வண்டிகளோடு ஒப்பிடும்போது சுமார் 45 விழுக்காடு அதிகம். எஞ்சினே இல்லாத புதிய அடிச்சட்டத்தின் மேல் வரையப்படும் டிரக்குக்கு இந்த உயரம் கட்டாயமில்லை. அது வரைபவர் எடுக்கும் முடிவு. அதனால் மின்சார டிரக்கின் மூக்கைப் பற்றி நான் மற்ற எதையும்விடக் கறாராக இருக்கிறேன்.

நிறுவனங்கள் பானட்டின் உயரத்தைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நேர் பக்கவாட்டிலிருந்து, தொலைவில் நின்று எடுத்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடைப்பட்ட தூரம் அளவுப் பட்டியலில் கட்டாயம் இருக்கும். ஸ்லேட் டிரக்குக்கு அது 108.9 அங்குலம். திரையில் படத்தைச் சுருக்கியோ பெருக்கியோ, அந்த இரு மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் 109 மில்லிமீட்டர் வரும்படி செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏறத்தாழ ஓர் அங்குலம். தரையிலிருந்து பானட்டின் முன்விளிம்பு வரை அளவுகோலை வைத்தால் உயரம் கிடைத்துவிடும். தொட்டியின் ஓரம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின்கதவு எவ்வளவு கீழே இறங்கும் என்பவற்றையும் இப்படியே கணக்கிடலாம். முட்டிபோட்டு அகலக் கோண லென்ஸில் எடுத்த படங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவை எந்த வண்டியையும் மலைபோலக் காட்டும்.

காட்சி மாதிரியும் கடைக்கு வருவதும்

2023 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில், ராம் என்ற அமெரிக்க டிரக் நிறுவனத்தின் ராம் 1500 ரெவல்யூஷன் என்ற மின்சார காட்சி மாதிரி வந்தது. எதிரெதிராகத் திறக்கும் கதவுகள், நடுக்கதவு, பதினெட்டடி நீளப் பொருளை வண்டியின் ஊடாகச் செருகும் வழி என்று ஆர்வலர்கள் கனவு கண்டதெல்லாம் அதில் இருந்தன. அடுத்த மாதமே அதன் விற்பனை வடிவம் காட்டப்பட்டபோது, அது பெட்ரோல் ராமை வெகுவாக ஒத்திருந்தது. 2025 செப்டம்பரில் முழு மின்சார ராம் 1500 திட்டமே கைவிடப்பட்டது. ஜனவரியில் உற்சாகமாக எழுதியவர்கள் பலர் பிப்ரவரியில் ஏமாந்தோம் என்று எழுதினார்கள். ஆகவே காட்சி மாதிரியில் மெல்லிய கண்ணாடித் தூண்கள், கைப்பிடி இல்லாத கதவுகள், பக்கக் கண்ணாடிக்குப் பதிலாகக் கேமரா, எதிரெதிர்க் கதவுகள் ஆகியவற்றைக் கண்டால் அவற்றை மனத்திலிருந்து கழித்துவிட்டு, மீதி இருப்பது பிடிக்கிறதா என்று பாருங்கள். சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம், அறைக்கும் தொட்டிக்கும் உள்ள விகிதம், தொட்டியின் அமைப்பு ஆகியவைதான் விற்பனை வரை வந்து சேரும் வாய்ப்பு அதிகமுள்ளவை.

சைபர்டிரக் இதற்கு நேர்மாறான பாடம். 2019 நவம்பரில் கலிபோர்னியாவில் காட்டிய துருப்பிடிக்காத எஃகு முக்கோணம் 2023 நவம்பரில் ஏறக்குறைய அதே வடிவத்தில் வாடிக்கையாளரிடம் சேர்ந்தது. மாறியவை எண்கள். மூன்று மோட்டார் வகை 69,900 டாலருக்கு 500 மைலுக்கு மேல் ஓடும் என்று முதலில் சொல்லப்பட்டது. விற்பனைக்கு வந்த மூன்று மோட்டார் வகையின் விலை 99,990 டாலர், ஓட்டம் சுமார் 320 மைல். இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி: அறிமுக நாளில் வடிவத்தையும் எண்களையும் ஒரே கருத்தில் கலக்காமல், தாளை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்வது. எண்கள் உள்ள பக்கத்தில் அறிவிப்புத் தேதியையும் குறித்து வைத்தால், இரண்டாண்டு கழித்து ஒப்பிட எளிதாக இருக்கும்.

அதே வண்டியில் வடிவம் சார்ந்த இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. முன்கண்ணாடியின் ஓரத்தை ஒட்டிக் கூரை நோக்கி ஓடும் எஃகுப் பட்டை கழன்று விழலாம் என்ற காரணத்தால் 2025 மார்ச்சில் 46,096 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தப் பட்டை பசையால் ஒட்டப்பட்டிருந்தது. புதிய பொருள் ஒன்றைக் காணும்போது, அது எதனால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை அந்தச் செய்திக்குப் பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன்.

ஓட்டத்தூரத்தைக் கணக்கிடுவது

ஆர்வலர்களிடையே மிகச் சூடான வாதம் இழுவையைப் பற்றியது. பெரிய கூடார வண்டியையோ படகையோ இழுக்கும்போது காற்றின் எதிர்ப்பு கடுமையாகக் கூடுவதால் ஓட்டத்தூரம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பெட்ரோல் வண்டியிலும் அப்படித்தான் குறைகிறது, ஆனால் அங்கே ஐந்து நிமிடத்தில் டாங்கை நிரப்பிவிடலாம்.

கணக்கை இப்படிப் போடுங்கள். பெரிய பேட்டரி கொண்ட லைட்னிங்கின் அதிகாரபூர்வ ஓட்டத்தூரம் 320 மைல். இழுக்கும்போது பாதி, அதாவது 160. நெடும்பயணத்தில் பேட்டரியை 10 விழுக்காட்டிலிருந்து 80 வரைதான் விரைவாக ஏற்ற முடியும்; அதற்கு மேல் வேகம் குறைந்துவிடும். ஆகவே அதில் பத்தில் ஏழு பங்கு, 112 மைல், சுமார் 180 கிலோமீட்டர். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவே உங்களுக்குக் கிடைப்பது இதுதான். பல சார்ஜ் நிலையங்களில் வண்டியை நேராக உள்ளே ஓட்டி மறுபக்கம் வெளியேற வழி இல்லாததால் டிரெய்லரைக் கழற்றி வைக்க நேர்வதையும் சேர்த்து எண்ணுங்கள். இந்த எண் உங்கள் வழக்கமான பயணத்துக்குப் போதுமானால், இழுவையைப் பற்றிய மற்றவர்களின் கோபம் உங்களுக்குப் பொருந்தாது. போதாதென்றால் வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டி உங்களுக்கானதில்லை.

பேட்டரியைப் பெரிதாக்கித் தப்பிக்கலாமே என்றால் எடை வந்து நிற்கும். ஜிஎம்சி ஹம்மர் மின்சார டிரக்கின் எடை 9,000 பவுண்டுக்கு மேல், அதாவது நான்கு டன்னைத் தாண்டுகிறது. இந்த இக்கட்டிலிருந்துதான் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைக் கூடவே சுமக்கும் மின்சார டிரக் என்ற யோசனை வலுப்பெற்றது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2024 அக்டோபரில் ஸ்கவுட் என்ற பழைய பெயரை உயிர்ப்பித்து டெர்ரா என்ற பிக்கப்பைக் காட்டியபோது, பேட்டரியில் மட்டும் 350 மைல், ஜெனரேட்டர் சேர்ந்தால் 500 மைல் என்று இலக்கு வைத்தது. முன்பதிவு செய்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜெனரேட்டர் வகையைத்தான் கேட்டார்கள். 2025 டிசம்பரில் ஃபோர்டும் லைட்னிங்கின் அடுத்த தலைமுறையை அந்த வழிக்கே மாற்றுவதாக அறிவித்தது. தூய மின்சாரத்தை விரும்பும் எனக்கு இது உவப்பான செய்தி இல்லை. ஆயினும் இழுவைக் கணக்கைப் போட்டுப் பார்த்தவனாக அந்த வாடிக்கையாளர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

சிறிய டிரக் வேண்டும் என்ற குரல்

ஆர்வலர்கள் கூடும் இடங்களில் ஓயாமல் கேட்கும் கோரிக்கை, ‘சிறியதாக, எளியதாக, மலிவாக ஒன்று கொடுங்கள்’ என்பதே. வெளிநாட்டிலிருந்து வரும் சிறு டிரக்குகளுக்கு அமெரிக்கா 1964 முதல் விதித்து வரும் 25 விழுக்காடு வரி, கோழி இறைச்சித் தகராறில் பிறந்ததால் கோழி வரி என்றே அழைக்கப்படுவது, அப்படிப்பட்ட வண்டிகளை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான் 2025 ஏப்ரலில் ஸ்லேட் வந்தது: இரண்டே இருக்கைகள், கையால் சுழற்றி இறக்கும் கண்ணாடி, ஒலிப்பெட்டி இல்லாத முகப்பு, பெயின்ட் அடிக்காத சாம்பல் நிற பிளாஸ்டிக் தகடுகள், 150 மைல் இலக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபோர்டு, 2027-இல் சுமார் 30,000 டாலரில் நான்கு கதவு நடுத்தர மின்சார பிக்கப் ஒன்றைக் கென்டக்கியின் லூயிவில் ஆலையில் தயாரிக்கப்போவதாகச் சொன்னது.

ஸ்லேட் எனக்கு மிகவும் பிடித்த வண்டி. அதனாலேயே அதனிடம் கூடுதல் கேள்விகளைக் கேட்கிறேன். சுமை 650 கிலோ, நல்லது. இழுவை 450 கிலோதான். சிறு டிரெய்லரோடு நின்றுவிடும். மத்திய அரசின் 7,500 டாலர் வரிச்சலுகையைக் கழித்து 20,000 டாலருக்குள் என்று சொல்லப்பட்டது. அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. சிறிய டிரக் வேண்டும் என்று எழுதுபவர் ஒவ்வொருவரும் சலுகை இல்லாத விலையில், வேண்டிய கூடுதல் பாகங்களையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டு, அதே பணத்தில் கிடைக்கும் ஃபோர்டின் சிறிய பிக்கப்பான மேவரிக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் ஸ்லேட்தான் வேண்டும் என்று தோன்றினால் அந்த விருப்பத்தை யாராலும் அசைக்க முடியாது.

மற்றவர்களின் கருத்தைப் படிக்கும்போதும் இதே வழியைப் பின்பற்றலாம். தொடுதிரைக்குப் பதிலாகப் பொத்தான்கள் வேண்டும் என்பவர் குளிர்காலத்தில் கையுறையோடு ஓட்டுபவரா, பழைய வடிவம் வேண்டும் என்பவர் அதை வாங்கப்போகிறவரா, நீளம் போதாது என்பவர் என்ன ஏற்றுகிறார் என்று பாருங்கள். எதை ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுக் குறை கூறுபவரின் ஒரு வரிக்கு நான் பத்துப் பாராட்டுரைகளைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

வண்டி கண்காட்சிக்கோ விற்பனைக் கூடத்துக்கோ வந்ததும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேரில் செல்லுங்கள். விளக்குகள் இருக்கும் முன்பக்கத்தில்தான் கூட்டம் நிற்கும். பின்பக்கம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அனுமதி கேட்டு, பின்கதவை ஒரே கையால் இறக்கி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். இறங்கிய கதவின் மேல் உட்கார்ந்து கால் தரையைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று, அறையின் பின்சுவரை ஒட்டிய தொட்டியின் அடித்தளத்தை விரல் நுனியால் தொட முயலுங்கள். எட்டாவிட்டால் எத்தனை அங்குலம் குறைகிறது என்று அளந்து, தாளில் எழுதிக்கொண்டு, அதன் பின்னரே முன்பக்கத்துக்கு நடந்து செல்லுங்கள்.